எதிரெதிர் இரண்டு வீடுகள்

அவிநாசி கோயிலுக்குப் போய் வருகிற யாருக்கும் முதலைக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்புக்கொளியூர் என்ற பழைய பெயரில் அந்த ஊர் இருந்த காலத்தில் ஐந்து வயதுப் பையன்கள் இருவர் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. மற்றவன் வீடு திரும்பினான். சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியே வந்தபோது ஒரு வீட்டில் மங்கல ஓசை, நேர் எதிர் வீட்டில் அழுகை. பிழைத்து வந்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம். முதலை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எதிர் வீட்டிலும் அதே வயதில் ஒரு பிள்ளை அன்று மணையில் உட்கார்ந்திருப்பான்.

பெரியபுராணத்தில் இந்த இடத்தைச் சேக்கிழார் மிக மெதுவாகச் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர வந்து சுந்தரரை வணங்குகிறார்கள். எதுவும் கேட்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டவர் சுந்தரர்தான். பிறகு பதிகம் பாடுகிறார், முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. இறந்தவன் எழுந்த அதிசயத்தையே எல்லோரும் பேசுவார்கள். அதைவிட யோசிக்க வைப்பது வேறொன்று. திரும்பி வந்தவன் ஐந்து வயதுக் குழந்தையாக வரவில்லை. நடுவில் போன ஆண்டுகளின் வளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டு, எதிர் வீட்டுப் பையனின் உயரத்துக்கு வந்து நின்றான். சுந்தரர் அதோடு கிளம்பிவிடவும் இல்லை. அவனுக்கும் முப்புரிநூல் சடங்கை நடத்திவைத்த பிறகே பயணத்தைத் தொடர்ந்தார்.

பூணூல் என்பது அன்றைக்குப் பாடம் தொடங்குவதற்கான வாசல். சில வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த வாசல் அது. இன்று அதே வட்டாரத்தில் எல்லாச் சாதிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு சடங்கு வந்துவிட்டது. மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலை. அவிநாசியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் திருப்பூரின் லைன் வீடுகளில், எதிரெதிர் வாசல்களில் இரண்டு பிள்ளைகள் செல்போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இரண்டு பேரும் பாஸ். ஒருவர் ஜூனில் கல்லூரிக்குப் போவார். இன்னொருவர் வருகிற திங்கட்கிழமையே பனியன் கம்பெனிக்குப் போவார். அழுகைச் சத்தம் எந்த வீட்டிலும் கேட்காது. அந்தத் தாய் தகப்பனைப் போலவே இவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள்.

திருப்பூர்ப் பிள்ளைகள் படிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்ச்சியில் 2019இல் 95.37 சதவீதம், 2020இல் 97.12, 2024இல் 97.45 என மூன்று முறை இந்த மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்திருக்கிறது. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வருவதற்கு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! அதே மாவட்டம்தான் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. இரண்டு பெருமைகளும் ஒரே பிள்ளையின் பதினேழாவது வயதில் வந்து முட்டிக்கொள்கின்றன.

முட்டிக்கொள்ளும் விதம் தெரிய வேண்டுமானால் தேர்வு முடிந்த மறுவாரத்தைப் பார்க்க வேண்டும். மார்ச்சுக் கடைசியில் தேர்வு முடிந்தால் முடிவு வர மே ஆகிவிடும். "சும்மா ஊட்ல உக்காந்து என்ன பண்றே கண்ணு, கம்பெனிக்கு வா, கைச்செலவுக்காச்சும் ஆகுமில்ல" என்று அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ கூப்பிடுவார். முதலில் கைமடி வேலை. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுப்பதும் தைத்து வருவதை மடித்து அடுக்குவதும்தான். அடுத்து பிசிறு வெட்டுவது, பிறகு செக்கிங். மதியச் சாப்பாட்டுக்கு டெய்லர் எழுந்து போனால் அந்த அரை மணி நேரம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கை வந்துவிட்டால் பேட்லாக், சிங்கர் மெஷின்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். முதல் சனிக்கிழமை அந்தப் பணத்தை அம்மா கையில் கொடுக்கும்போது வீட்டில் பிள்ளையின் இடம் மாறிவிடுகிறது. நேற்றுவரை தட்டில் போட்டதைச் சாப்பிட்டவனிடம் இன்று "என்ன குழம்பு வைக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். வாடகை, வாரச்சீட்டு, அப்பாவின் மருந்து எல்லாவற்றின் கணக்கிலும் அந்த ஐந்து நாள், ஆறு நாள் கூலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிவு வரும்போது வீட்டுச் செலவு அந்தக் கூலியை நம்பி நடக்கத் தொடங்கியிருக்கும். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒரு புதன்கிழமையாக வந்து, கம்பெனியில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

பத்து ஆண்டுகள் கழித்து அவரிடம் "ஏன் மேலே படிக்கலீங்க?" என்று கேட்டால் வரும் பதிலைக் கவனிக்க வேண்டும். "லீவுக்குன்னு போனேனுங்க, அப்படியே இருந்துட்டேனுங்க." இந்த "அப்படியே" என்ற சொல்லுக்குள் யார் முடிவெடுத்தார்கள் என்பது இல்லை. போக வேண்டியதாகிவிட்டது, முடியாமல் போய்விட்டது, அமையவில்லை என்று தமிழில் எத்தனையோ வினைகள் செய்தவர் இல்லாமலே நடந்து முடிகின்றன. இலக்கணத்துக்குள்ளேயே ஊழுக்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்திருக்கும் மொழி இது.

அப்படியானால் அந்தப் பிள்ளை தன் பாதையைத் தேர்ந்தெடுத்ததா, இல்லை, பாதை அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதா? இந்தக் கேள்வியை வேலைவாய்ப்பு ஆலோசனை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி இது.

1945 அக்டோபரில் பாரிஸில் ழான் பால் சார்த்தர் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில் ஒரு மாணவன் வருகிறான். அண்ணன் போரில் இறந்துவிட்டான், தந்தை குடும்பத்தோடு ஒட்டவில்லை, தாய்க்கு இவன் ஒருவனே துணை. இங்கிலாந்துக்குப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா என்று ஆசிரியரைக் கேட்கிறான். எந்த மறைநூலும் எந்த நீதிநூலும் உனக்காக இதை முடிவு செய்யாது, நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்பது சார்த்தரின் பதில். துணிச்சலான பதில்தான். ஆனால் அந்த மாணவனுக்கு இரண்டு கதவுகளும் கண்ணுக்குத் தெரிந்திருந்தன. இரண்டின் முன்னாலும் நின்று யோசிக்க அவனுக்கு அவகாசம் இருந்தது. குடும்பத்திலேயே முதல்முறையாகப் பிளஸ் டூ முடித்த திருப்பூர்ப் பெண்ணுக்கு ஒரு கதவு, அது கதவு என்று தெரிவதற்கு முன்பே சாத்தப்பட்டுவிடுகிறது. எந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தால் எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தேர்ந்துகொள் என்று அவளிடம் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

இங்கே திருக்குறளை எடுத்துக்கொள்பவர்கள் வழக்கமாக இரண்டு அதிகாரங்களை மோதவிடுவார்கள். 38ஆவது அதிகாரம் ஊழ், 62ஆவது ஆள்வினையுடைமை. முதலாவது விதியின் வலிமையைச் சொல்கிறது. இரண்டாவது, ஊழையும் புறங்காட்ட வைக்கும் முயற்சியைச் சொல்கிறது. பட்டிமன்றத்துக்கு வசதியான சண்டை. ஆள்வினையுடைமையில் வள்ளுவர் கையாளும் ஒரு சொல் மட்டும் திருப்பூர்க்காரர்களின் காதில் தனியாக ஒலிக்கும்: கூலி. தெய்வத்தால் ஆகாதபோதும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி கொடுத்துவிடும் என்பது அங்கே பேச்சு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஊரில் அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். உடம்பு வருந்தினால் பணம் வரும், அது உண்மை. அதற்கு மேலே என்ன வரும் என்பதுதான் பதினேழு வயதின் கேள்வி.

மோதவிடுவதைவிட அதிகாரங்களின் வரிசையைப் பார்ப்பது பயனுள்ளது. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் ஊழ். அதைப் புரட்டினால் பொருட்பாலின் முதல் அதிகாரம் இறைமாட்சி, அதாவது ஆளுகிறவனின் கடமை. ஊழைப் பற்றிப் பேசி முடித்தவுடன் நூல் அரசனைக் கூப்பிட்டு நிறுத்துகிறது. ஒரு பிள்ளையின் விதி இதுதான் என்று பெருமூச்சு விடுகிற இடத்தில் பேச்சு முடிந்துவிடக் கூடாது. அங்கிருந்துதான் ஊரும் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்த வரிசையைப் படித்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

தமிழ்நாடு இதை நூலில் மட்டும் படிக்கவில்லை, தெருவில் இறங்கியும் வாதாடியிருக்கிறது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இருக்கிற கட்டடத்திலேயே இரண்டு வேளையாக அதிகம் பேரைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே பாதிப் போரை முடித்துவிட்டது. ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. தன் தருமம் குறையுடையதானாலும் பிறர் தருமத்தைவிட மேல் என்ற கீதையின் கருத்து பிறப்போடு சேர்த்துப் படிக்கப்படும்போது என்ன ஆகும் என்பதுதான் அன்றைய சண்டையின் வேர்.

எழுபது ஆண்டுகள் கழித்தும் அது ஆறவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் தையல் உட்படப் பதினெட்டுத் தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் தருகிறது. 18 வயதிலேயே குடும்பத் தொழிலுக்குள் ஒருவரை இழுத்துவிடும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை அப்படியே ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்த வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் கடன் கொடுத்துத் தொழிலில் உட்காரவைக்கக் கூடாது என்ற கவலை நியாயமானது.

ஆனால் திருப்பூரைப் பார்க்கும்போது இந்த வாதத்தில் யாரும் பேசாத ஓர் இடம் தெரிகிறது. பனியன் யாருக்கும் குலத்தொழில் அல்ல. எந்தச் சாத்திரமும் ஓவர்லாக் மெஷினை எந்தச் சாதிக்கும் எழுதிவைக்கவில்லை. கிணறு வற்றிய தோட்டங்களிலிருந்து கவுண்டர்கள் வந்தார்கள், கூலி வேலையை விட்டு அருந்ததியர்கள் வந்தார்கள், தறியைவிட்டு நெசவாளர்கள் வந்தார்கள், தெற்கே மானாவாரிப் பூமியிலிருந்து பல சாதியினர் வந்தார்கள். இந்தத் தொழிலுக்கு இந்த ஊரில் நூறு வயதுதான் இருக்கும். அதற்குள் டெய்லர் மகன் டெய்லர், செக்கிங் அக்காவின் மகள் செக்கிங் என்பது இயல்பாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. குலம் இல்லாமலே குலத்தொழில் பிறக்க இரண்டு தலைமுறை போதும் என்று இந்த ஊர் காட்டுகிறது. ஊழ் என்று பெயர் சூட்டப்படும் பல விஷயங்களின் பிறந்த தேதி இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதமும் அதே ஊரில் வலுவாக உண்டு, அதைத் தட்டிவிடக் கூடாது. தொழிலாளியாக உள்ளே போய் முதலாளியாக வெளியே வந்தவர்கள் நிறைந்த ஊர் திருப்பூர். ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட தம் நூலில், இங்குள்ள உடைமையாளர்கள் பலர் தங்கள் மூலதனமாக "உழைப்பு" என்ற சொல்லையே சொன்னதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களுக்கு அது பொருளாதாரச் சொல்லாக இல்லை, ஒரு நம்பிக்கையாக, ஏறக்குறைய ஒரு சமயமாகவே இருந்தது. "நானும் கைமடியா இருந்து வந்தவன்தானுங்க" என்று சொல்லும் பெரியவரின் குரலில் பொய் இல்லை. நான்கு மெஷின் வாடகைக்கு எடுத்து, பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் வாங்கி வளர்ந்த காலம் அது. இன்று அதே படியில் கால் வைக்க வேண்டுமானால் முதல் வேறு, போட்டி வேறு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, எங்கோ போட்ட ஒரு கையெழுத்து தாராபுரம் ரோட்டு ஷிப்டுகளைக் குறைக்க முடியும் என்பதை ஊரே கண்டது. நிச்சயமான வேலை என்று பதினேழு வயதில் வந்தவர்கள் அந்த மாதங்களில் மெஷின் முன்னால் என்ன நினைத்திருப்பார்கள்!

பெண்பிள்ளைகளின் கதையில் சமயச் சொல் ஒன்று நேரடியாகவே நுழைந்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பரவியிருந்த ஒரு வேலை ஏற்பாட்டின் பெயர் சுமங்கலித் திட்டம். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் மூன்று ஆண்டுகள் மில் வளாகத்து விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். கூலியில் ஒரு பகுதியை நிர்வாகமே பிடித்துவைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகக் கொடுக்கும். நடுவில் உடம்புக்கு முடியாமல் கிளம்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலகச் சந்தை இதைக் கவனித்தது. சுமங்கலி என்பது வாழ்த்தும்போது சொல்லும் சொல். அதை எடுத்து ஒரு கூலி ஒப்பந்தத்தின் நெற்றியில் பொட்டாக வைத்தவர்கள் அந்தச் சொல்லுக்கும் தீங்கு செய்தார்கள். மூன்று ஆண்டு என்பது சரியாக ஒரு பட்டப்படிப்பின் காலம்.

இதன் பக்கத்தில் இன்னொரு பணத்தை வைத்துப் பார்க்கலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தமிழ்நாடு அரசு தொடங்கியதும் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டம்தான். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியிலோ ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதுதான் புதுமைப் பெண் திட்டம். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. தொகை பெரிதா என்றால் இல்லை. கம்பெனியில் சில நாள் கூலிக்குத்தான் ஈடாகும். ஆனாலும், பதினேழு வயதுப் பெண்ணின் மூன்று ஆண்டுகள் எதற்காக என்ற கேள்விக்கு ஒரே மாநிலத்தில் இரண்டு பதில்கள் எழுதப்பட்டிருப்பதும், அரசு தன் பழைய பதிலைத் தானே அடித்துத் திருத்தியதும் சின்ன விஷயம் இல்லை.

கம்பெனிக்குப் போவது தாழ்வு என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டால் அது பெரிய பிழை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டை எல்லோரும் அதன் முதல் வரிக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆற்று வெள்ளத்தில் மிதவை போவதுபோல் உயிர் முறையின் வழியே போகிறது என்பது அதன் நடுப்பகுதி. அதிலிருந்து அவர் போய்ச் சேரும் இடம் சோம்பல் அல்ல: அதனால் பெரியவர்களைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். ஊழை நம்பியவர் அதிலிருந்து எடுத்த முடிவு, யாரையும் இகழாதே என்பது. பட்டம் வாங்கிய பிறகும் மெர்ச்சண்டைசராகவோ குவாலிட்டி பார்ப்பவராகவோ அதே தெருவுக்குத் திரும்பும் பிள்ளைகள் திருப்பூரில் ஏராளம். தம்பியைப் படிக்கவைக்க என்று அறிந்தே, கணக்குப் போட்டே மெஷினில் உட்கார்ந்த அக்காக்களும் ஏராளம். அவர்கள் கொடுத்தது தானம். அதற்கு முன்னால் எந்தத் தத்துவமும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். கொடுத்தது என்னவென்று தெரியாமலே கொடுத்துவிட்டவர்களைப் பற்றித்தான் கவலை.

அவர்களுக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா? அவிநாசிக் கதையின் நெஞ்சு இந்தக் கேள்வியில்தான் துடிக்கிறது. வயது போய்விட்டது என்பதைப்போல் தமிழ் வீடுகளில் கேள்வியின்றி ஏற்கப்படும் வாக்கியம் வேறில்லை. போன ஆண்டுகள் போனவையே என்று காலனே சொன்னாலும், இல்லை, அந்த ஆண்டுகளையும் சேர்த்துத் தா என்று வாதாடியது ஒரு பக்தி மரபு. அதை வெறும் அற்புதம் என்று வணங்கிவிட்டுப் போவது எளிது. அதன் நடைமுறை வடிவங்கள் சாதாரணமானவை: துணைத்தேர்வு, தனித்தேர்வர் விண்ணப்பம், திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க அரசு நடத்தும் உயர்வுக்குப் படி முகாம். கொரோனா ஊரடங்கு முடிந்து 2021இல் பள்ளிகள் திறந்தபோது, வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போன ஆசிரியர்கள் சுந்தரர் செய்ததைத்தான் செய்தார்கள். கேட்காதவர்களின் வீட்டு வாசலில் நின்று, இங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று தாங்களே விசாரித்தார்கள்.

அப்படித் திரும்பி வருவதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட்தான். இரவு எட்டரைக்கு மெஷினை நிறுத்திவிட்டு, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு வீட்டில் சோறு வடித்த பிறகு எந்தப் புத்தகத்தைத் திறப்பது? வாரத்தில் மூன்று நாள் ஐந்தரைக்கு விட்டுவிடுவதாக ஒரு முதலாளி முடிவெடுத்தால், அது எந்தக் கோயில் திருப்பணிக்கும் குறைந்ததில்லை. ஊரில் கும்பாபிஷேகங்களுக்கு அள்ளிக்கொடுக்கும் மனசு நிறைய இருக்கிறது. அந்த மனசிடம் கேட்கக் கூடிய விஷயம்தான் இது.

பங்குனியில் அவிநாசியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் நடக்கும்போது திருப்பூர்க் கம்பெனிகளில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் கைமடிக்கு வரத் தொடங்கியிருப்பார்கள். மே போய், துணைத்தேர்வு நெருங்கும் நாட்களில், எப்போதோ ஒரு பாடத்தில் நின்றுபோன சிலரும் அதே மெஷின்களிலிருந்து எழுந்து சூப்பர்வைசரிடம் போவார்கள். ஹால் டிக்கெட்டை நாலாக மடித்து டிபன் பையில் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணுங்கண்ணா, பரீட்சை இருக்குங்க. ஆர்டர் நெருக்கடியில் இருக்கும் அந்த மனிதர் சீட்டை வாங்கிப் பார்க்கிறார், சுவர்க் காலண்டரைப் பார்க்கிறார். "போய் எழுதிட்டு வா சாமி, மெஷின் எங்க போகப் போகுது" என்கிறார்.